செல்லபாய் மிதித்த பிரேக்

பழைய காருக்குப் பவர் பிரேக் வைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். வைக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்தால் உடனே போனை எடுத்து யாரோ வெள்ளைக்காரன் செய்து காட்டும் வீடியோவை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பும் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பிரேக் வேலை மட்டும் பார்க்கிறேன். ஜெயன் ஒர்க்‌ஷாப் என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? செல்லபாய் அக்காவுக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. அவரிடம் அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

குன்னத்துகாலில் செல்லபாய் என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. அம்பாசடர் செல்லபாய் ஒருவர்தான். வயது அறுபத்தொன்று. வீட்டில் ஐந்து தையல் மெஷின் போட்டு, நைட்டி தைத்து, பாறசாலையிலிருந்து காஞ்சிரங்குளம் வரைக்கும் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்த கையோடு ஆர்டர் எழுத உட்கார்ந்துவிடுவார். கணவர் ஞானையன் பாறசாலை ஸ்டாண்டில் முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர். அந்த டாக்சிதான் இந்த அம்பாசடர். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, சாம்பல் நிறம், கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும்.

ஸ்டாண்டில் அம்பாசடரைக் கூப்பிட ஆளில்லாமல் போனபோது ஞானையன் அண்ணன் அதை விற்கப் பார்த்தார். "துணிக்கெட்டு ஏத்த இது கொள்ளாம், நல்ல எடமுண்டு" என்று சொல்லி அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. லைசென்ஸ் டெஸ்டுக்கு அதே வண்டியைத்தான் கொண்டுபோனார். ஓட்டிக் காட்ட நட்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்க்க ஒரு கூட்டமே நின்றதாம். ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் எடுத்துவிட்டார். வெளியே நின்ற ஞானையன் அண்ணன், "திருப்பினது செரி. பிரேக்கு கொஞ்சம் தாமசிச்சு" என்றார், அதாவது பிந்திப் பிடித்ததாம். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்தில் அவர் மனைவியின் ஓட்டத்தைப் பற்றி இதைவிட நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. குற்றம் சொல்வதற்கு மட்டும் குறைவில்லை. அக்கா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

அந்த வண்டியின் பிரேக் முழுக்க முழுக்கக் கால் பிரேக். மிதிக்கிற பலம் எண்ணெய் வழியாக நேராக நாலு சக்கரத்து டிரம்முக்கும் போகும். நடுவில் உதவிக்கு யாரும் இல்லை. எவ்வளவு மிதித்தோமோ அவ்வளவு நிற்கும். சக்கரம் எப்படிப் பிடிக்கிறது என்பது உள்ளங்காலிலேயே தெரியும். மழையில் வழுக்கினால்கூட முதலில் காலுக்குத்தான் தெரியும். பழைய ஆட்கள் இதைத்தான் நல்ல பிரேக் என்பார்கள். நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்குத் தொடையில் பலம் வேண்டும், முட்டு நன்றாக இருக்க வேண்டும்.

அக்காவின் வலது முட்டு தேய்ந்துபோயிருந்தது. அதே சமயத்தில்தான் அண்ணனின் சிறுநீரகமும் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வெளியே வரும்போது மனுஷன் துவண்டு போயிருப்பார். ஆட்டோவில் உட்கார முடியாது. அம்பாசடரின் பின்சீட்டில் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். அவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தலை வைத்துப் படுத்துக்கொள்வார், அக்கா ஓட்டுவார். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் அக்கா ஒர்க்‌ஷாப்புக்கு வந்து இறங்கும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஜெயா, பிரேக்க சவுட்டினா முட்டுக்குள்ள கத்தி போறது போல இருக்கு. நேத்து தனுவச்சபுரத்துல ஒரு பசுவ பாத்து சவுட்டினேன். கண்ணுல வெள்ளம் வந்துட்டு."

"வேற ஆள வச்சு ஓட்டப்பிடாதா அக்கா?"

"எனக்க மாப்பிளய நான் கொண்டுபோவேன். நீ பிரேக்குக்கு ஒரு வழி சொல்லு."

வழி என்னிடம் இருந்தது. பிற்காலத்து அம்பாசடர் ஒன்றை உடைத்து விற்றபோது முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கையும் அதன் பூஸ்டரையும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு வாங்கி வைத்திருந்தேன். பூஸ்டர் என்பது ஒரு வட்டமான டப்பா. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த டப்பாவில் இருக்கிற காற்றையும் இழுத்துவிடும். நாம் பெடலைத் தொட்டால் அந்த வெற்றிடம் நமக்காகத் தள்ளும். கிணற்றில் வாளி இழுக்கும்போது பின்னால் இன்னொருவர் வந்து கயிற்றைப் பிடித்துக் கொடுப்பது போல. பாதி வேலைதான் நமக்கு.

நான்கு நாள் வேலை. பெடல் கம்பியை மாற்றி, புதுக் குழாய் வளைத்து, எஞ்சினிலிருந்து பூஸ்டருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போட்டேன். செய்த வேலையைப் பற்றி எனக்குப் பெருமைதான். இப்போதும் அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வாரம் அக்காவுக்குப் பழக்கதோஷம். பழைய பலத்தில் ஓங்கி மிதிப்பார், வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். பின்னால் அண்ணன் ஒரு உருளு உருளுவார். "இது பிரேக்கா, அடியா?" என்று சத்தம் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

"சவுட்டண்டாம் அக்கா. தொட்டா போதும். மீதிய அது பாத்துக்கும்."

"தொட்டா காலுக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குதே."

அது நியாயமான பேச்சு. பவர் பிரேக்கில் அந்த உணர்ச்சி குறையத்தான் செய்யும். சுகம் வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பத்து நாளில் பழகிவிட்டார். முட்டு வலியில்லாமல் போய் வருகிறேன் என்று எனக்கு ஒரு பொதி ஏத்தங்காய் உப்பேரி, நேந்திரங்காய் வறுவல், கொண்டுவந்து தந்தார். எண்ணெய் எப்போது பார்க்க வேண்டும், ஹோஸில் விரிசல் வந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன்.

மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"எலே ஜெயா, நீ எனக்க வண்டியில என்னத்த செய்து வச்சிருக்க? பிரேக்கு கல்லாட்டு நிக்குது!"

எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீளமான ஒரு இறக்கம் உண்டு. இரண்டு வளைவு, கீழே ஒரு முக்கு. அந்த முக்கில் அம்பாசடர் நின்றது. அதன் முன்னால் ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி ஆட்டோ, அதில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையில் கிழங்கோடு அப்படியே நின்றார்கள். பம்பருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு சாக்குக் கிழங்கு நசுங்கிக் கிடந்தது. அவ்வளவுதான் இடைவெளி.

யாருக்கும் ஒன்றுமில்லை. முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்திருக்கிறது. இரண்டாவது வளைவிலும் பிடித்திருக்கிறது. முக்கு வருவதற்கு முன்னால் மூன்றாவது தடவை தொட்டபோது பெடல் அசையவில்லை. அக்கா சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலையும் பெடலில் ஏற்றி, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறார். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்திருக்கிறார். அண்ணன் சீட்டிலிருந்து கீழே விழுந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே கிடந்தார். டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கை அடிபட்டால் எல்லாம் போச்சு என்று அவருக்குத் தெரியும்.

"எந்து பற்றி சேச்சி?" என்று கிழங்கு ஏற்றியவர்களில் ஒருவர், என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா வலது காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டு பப்பாளி போல வீங்கியிருந்தது.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு மிதித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஹோஸ் சரி, எண்ணெய் சரி. ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் கேட்டேன்.

"எஞ்சின் ஓடிட்டுத்தானே இருந்தது?"

அக்கா என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது எப்பிடி ஓடும்? இறக்கம்லா."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம். பாறசாலை ஸ்டாண்டில் இதில் போட்டியே நடக்கும், எந்த இறக்கத்தில் அணைத்தால் எந்த வீட்டு வாசல் வரைக்கும் வண்டி தானாக உருளும் என்று. அதில் ஞானையன் அண்ணனை ஜெயித்தவர் இல்லை. படுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாலும் மேட்டின் உச்சி வந்ததும் "ஆஃப்" என்பார், அக்கா சாவியைத் திருப்புவார். அம்பாசடரில் சாவி டேஷ்போர்டில் இருக்கும், அணைத்தாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது. கால் பிரேக்குக்கு எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை. ஐம்பது வருஷம் அந்த வண்டி இப்படித்தான் இறக்கம் இறங்கியது, ஒரு கோழிகூடச் சாகவில்லை.

பூஸ்டர் வைத்த வண்டியில் அந்தக் கதை நடக்காது. எஞ்சின் நின்றால் டப்பாவில் மிச்சமிருக்கிற வெற்றிடம் இரண்டு மிதிக்கு வரும். மூன்றாவது மிதிக்கு நம் கால்தான். அந்த மூன்று மாதமும் இரண்டு வளைவுக்கு இரண்டு மிதியே போதுமாயிருந்தது, முக்கில் ஆட்டோ நின்ற அன்றுதான் மூன்றாவது தேவைப்பட்டது. அதுவும் பழைய பலம் போதாது. டிரம் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு, சக்கரம் சுற்றுகிற வேகமே பிரேக் கட்டையை இன்னும் இறுக்கிக்கொடுக்கும். டிஸ்க் அப்படிச் செய்யாது. கொடுத்த அழுத்தத்துக்கு மட்டும் பிடிக்கும். அதனால்தான் டிஸ்கோடு பூஸ்டரையும் சேர்த்து வைக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு உறக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனாலும் அந்த முக்கில், அத்தனை பேர் முன்னால், நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"பவர் பிரேக் வச்ச வண்டிய யாராவது இறக்கத்துல ஆஃப் பண்ணுவாங்களா? ஆள கொல்லப் பாத்தீங்களா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அத நீ எனக்குப் பறஞ்சு தந்தியா?"

நான் சொல்லவில்லை, இறக்கத்தில் எஞ்சினை அணைப்பீர்களா என்று கேட்கவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், ஊரில் எல்லோரும் செய்வது கண்ணில் படுவதில்லை. என் பைக்கையும் அந்த இறக்கத்தில் நான் அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்படிப்பட்ட நான் நோய்காரரை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வரும்.

மறுநாளே ஷார்ஜாவிலிருந்து அவர்கள் மகன் சஜன் அக்காவைப் போனில் கூப்பிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. "அம்மா, மதி, போதும். அப்பாவ வச்சு இனி அந்த வண்டி எடுக்கண்டாம். ஆள் வச்சு கார் நான் ஏற்பாடு செய்யுதேன், அத வித்துப்போடுங்க." சொன்ன சொல் மாறாமல் சனிக்கிழமையே ஒரு புதுக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் நல்ல மனுஷர். வண்டியும் நல்ல வண்டிதான், சின்னது. அண்ணன் அதில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு சாய்ந்து போனார். திரும்பி வரும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தார். புகார் மட்டும் சொல்லவில்லை. பிரேக்கைக் குறை சொல்லாமல் ஞானையன் அண்ணன் ஒரு காரில் போய்வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மூன்று வாரம் அப்படிப் போனது. நான்காவது ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச் சேலையோடு, கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே வந்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"ஜெயா, வேற ஒருத்தன் ஓட்டுத வண்டியில நான் முன்னால இருந்து திரும்பித் திரும்பிப் பாத்துட்டு போறேன். நான் ஓட்டினா அவருக்க மூச்சு எனக்க பின்கழுத்துல கேக்கும். ஆளு சுகமாட்டு இருக்காரா இல்லியாண்ணு அதுலயே எனக்கு தெரிஞ்சுடும். இப்பம் ஒண்ணும் தெரியல்ல."

செய்த தப்புக்குப் பரிகாரம் போலச் சொன்னேன்.

"பழைய டிரம்மையே திருப்பி மாட்டித் தாறேன் அக்கா. எல்லா சாமானமும் இருக்கு."

"எனக்க கால்முட்டயும் திருப்பி மாட்டுவியா? அது வேண்டாம். எஞ்சின் ஓடினா இது நல்ல பிரேக்கு. சாவி திருப்புதத நான் நிறுத்திட்டேன்னு வையி. ஆனா பழைய வண்டி, எஞ்சின் ரோட்டுல தானாட்டும் நிக்கும். அப்பிடி நிண்ணா எத்தன சவுட்டு கெடைக்கும், எது வரைக்கும் தொட்டா போதும், எப்பம் எழும்பி நிக்கணும், எனக்கு அது தெரியணும். சவுட்டிப் பாக்கணும். நீ கூட வா."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பார்கள். பிடிக்காமல் போகும்போது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வந்தவர் இவர் ஒருவர்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சரி என்றேன். இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் ஒரு பஞ்சாயத்து ரோடு, நேராக இறங்கி உடனே மேடு ஏறும். பிரேக்கே இல்லாவிட்டாலும் அந்த மேட்டில் வண்டி தானாக நின்றுவிடும்.

மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஞானையன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார்.

"அண்ணே, நீங்க எங்க கிளம்புதீங்க? இது சும்மா பிரேக்கு பாக்கதாக்கும்."

"பாரம் ஏத்தாத பிரேக்கு பாத்தா அது என்ன பாக்குறது? நான் நாப்பத்தொம்பது கிலோ உண்டு. நேத்து ஆஸ்பத்திரியில வெயிட் பாத்தது."

அக்கா அவரை ஒரு தடவை பார்த்தார். பின்கதவைத் திறந்து பிடித்தார். அவர் ஏறி, எப்போதும் போல டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தலை வைத்துப் படுத்துக்கொண்டார்.

ரப்பர் தோட்டத்து மேட்டில் நிறுத்திக் கீழே பார்த்தோம். ஒரு ஆள் நடமாட்டமில்லை. நான் முன்னால் உட்கார்ந்து சாவியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வண்டி உருளத் தொடங்கியதும் அக்கா தலையசைத்தார். அணைத்தேன். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன.

"ஒண்ணு" என்று தொட்டார். மெதுவாகப் பிடித்தது. "ரெண்டு" என்றார். பிடித்தது, ஆனால் பெடல் பாதியில் கனத்தது. "மூணு." பெடல் கல். அக்கா உடனே எழும்பி நிற்கவில்லை. நல்ல காலைக் கொண்டுவந்து வலது காலின் மேல் வைத்து, முதுகை சீட்டில் கொடுத்து, மெல்ல மெல்ல அழுத்தினார். வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்து, மேட்டில் கொஞ்சம் ஏறி நின்றது. நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

அக்கா இறங்கி முன்சக்கரத்தைப் பார்க்கப் போனார். நான் பின்னால் திரும்பினேன். அண்ணன் கண்ணைத் திறந்தே படுத்திருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணே, இவ்வளவு பெரிய வண்டிக்கு நாப்பத்தொம்பது கிலோ ஒரு பாரமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

அவர் தலையை மட்டும் தூக்கி, அக்கா தள்ளி நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"அண்ணைக்கு ஆஃப் பண்ணச் சொன்னது நானாக்கும் மக்கா. அவ ஒத்தைக்கு எழும்பி நிண்ணு சவுட்டினா. இனி அவ சவுட்டும்போ எனக்கு பயமில்லண்ணு அவளுக்குத் தெரியண்டாமா?"

அக்கா திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து, வலது முட்டில் ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"இன்னொருக்கா பாப்பமா?"

"பாரு" என்றார் ஞானையன் அண்ணன். "பிரேக்கு தாமசிக்கல்ல."